பயாஸ் கொடுத்த பட்டா

கணினியின் மின்விசையை அழுத்துவதற்கும் அதன் திரையில் பயனரின் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படுவதற்கும் இடைப்பட்ட சில நொடிகளில், அந்தப் பெட்டிக்குள் ஆட்சி ஒருமுறை கைமாறுகிறது. முதலில் ஆள்வது, தாய்ப்பலகையைச் செய்த நிறுவனம் அதன் சில்லு ஒன்றில் பதித்து அனுப்பும் நிலைபொருள். தனிக்கணினிகளில் இது நெடுங்காலம் பயாஸ் என்னும் பெயரால் அறியப்பட்டது. அடுத்து, வட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏற்றப்பட்டு ஆட்சியை ஏற்பது, இயங்குதளத்தின் உள்மையமாக இருந்து எல்லா நிரல்களுக்கும் வன்பொருளுக்கும் நடுவே நிற்கும் கர்னல். கர்னல் பொறுப்பேற்கும் வேளையில் எந்தச் சாதனத்துக்கு எந்த முகவரி, எந்தச் சாதனத்துக்கு எந்தக் குறுக்கீடு என்பதைப் பெரும்பாலான கணினிகளில் நிலைபொருள் முன்கூட்டியே பங்கிட்டு முடித்திருக்கும். அந்தப் பங்கீட்டை அப்படியே ஏற்பதா, அழித்துவிட்டுப் புதிதாகப் பங்கிடுவதா என்னும் கேள்விக்குக் கர்னல்கள் கண்ட விடைகளின் வரலாறு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீள்கிறது. தனக்கு முன் ஆண்டவர் எழுதிவைத்த ஏட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே அதன் நடுப்பொருள்.

இங்கு வளம் எனப்படுவது பெரும்பாலும் மூன்று வகை. செயலியானது முகவரி ஒன்றைச் சொல்லித்தான் எதையும் படிக்கவோ எழுதவோ முடியும் என்பதால், திரை அட்டை, வலை அட்டை போன்ற சாதனங்களும் நினைவக முகவரிவெளியில் தமக்கென ஒரு பரப்பைப் பெற்றிருக்கின்றன. அந்தப் பரப்பில் எழுதப்படுவது நினைவகச் சில்லுக்குப் போகாமல் அந்தச் சாதனத்துக்குப் போய்ச் சேரும். இன்டெல் மரபுச் செயலிகளில் இதற்கு அப்பால், உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் மட்டுமே உரிய, 65,536 எண்கள் கொண்ட போர்ட் வெளி தனியாக உண்டு. மூன்றாவதான குறுக்கீடு என்பது, வேலை முடிந்ததையோ தரவு வந்திருப்பதையோ சாதனம் செயலிக்கு அறிவிக்கும் மின்குறி. முகவரியிலோ போர்ட்டிலோ இரண்டு சாதனங்கள் ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டால் ஒன்றுக்குச் சொன்னதை மற்றொன்றும் ஏற்கும். கணினி உறைவது முதல் வட்டில் உள்ள கோப்புகள் சிதைவது வரை எதுவும் அதன் விளைவாகலாம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்து மணலூர்பேட்டைக்கு மேற்கே எழும் கல்வராயன் மலையின் நில வரலாறு இந்தச் சிக்கலுக்கு ஓர் ஒப்புமையைத் தருகிறது. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்த அந்த மலை, நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னர், 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்தின்கீழ் வந்தது. புதிய நிர்வாகத்தின் முன் இருந்தது ஆளற்ற காடு அன்று. யார் எந்தக் கொல்லையை உழுகிறார் என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்த மலை அது. தாய்ப்பலகையின் முன் நிற்கும் கர்னலின் நிலையும் இத்தகையதே: பங்கீடு தனக்கு முன்பே நடந்து முடிந்திருக்கிறது, அதன் காரணங்கள் பங்கிட்டவருக்கே முழுதும் தெரியும். மலையில் பங்கிடப்பட்டது மக்களின் பிழைப்பு என்பதால் ஒப்புமையை இதற்கு மேல் நீட்டுவது முறையாகாது.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனிக்கணினியில் இந்தக் கேள்வி எழவே இல்லை; ஏனெனில் அங்குப் பங்கீடு என்பது வடிவமைப்பாளர்கள் தாளிலேயே எழுதி முடித்துவிட்ட ஒன்று. அதன் இன்டெல் 8088 செயலி 20 இலக்க இரும எண்ணால் முகவரி சொன்னதால் மொத்தப் பரப்பு 1 மெகாபைட். அதில் கீழ் 640 கிலோபைட் நினைவகத்துக்கும், மேல் 384 கிலோபைட் திரை அட்டைக்கும் பிற அட்டைகளுக்கும் பயாசுக்குமாக ஒதுக்கப்பட்டன. குறுக்கீட்டுக் கம்பிகள் எட்டு. 1984-இல் வந்த ஏடி மாதிரியில் இரண்டாவது குறுக்கீட்டுச் சில்லு சேர்ந்தபோது பயன்படுத்தத்தக்கவை பதினைந்தாயின. அட்டைகளைச் செருகுவதற்கென அந்தக் கணினிகளில் இருந்த பொதுக் கம்பித்தொகுதி, பின்னாளில் ஐஎஸ்ஏ பாட்டை என்று பெயர் பெற்றது. அதில் ஓர் அட்டை எந்த முகவரியில் இருக்கிறது என்று கேட்டறியும் வழியே கிடையாது. அட்டையின் மேலிருந்த ஜம்பர் எனப்படும் சிறு இணைப்பிகளை இடம் மாற்றிச் செருகி முகவரியையும் குறுக்கீட்டு எண்ணையும் அமைத்தவர் அதைப் பொருத்தியவர். அந்த எண்களை இயங்குதளத்திடம் சொல்ல வேண்டியவரும் அவரே. இந்தியாவில் 1984-இன் கணினிக் கொள்கை இறக்குமதியைத் தளர்த்திய பின், உதிரிப் பாகங்களைச் சேர்த்துக் கணினி ‘அசெம்பிள்’ செய்யும் தொழில் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் வேர்விட்டபோது, அத்தொழிலில் இருந்தோர் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டியவை இந்த எண்கள்தாம். பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் ஒலி அட்டைக்கு 220-ஆம் போர்ட், வலை அட்டைக்கு 300, அச்சுப்பொறிக்கு 378 என்பவை அன்றைய வழக்கம். அச்சுப்பொறிக்கு உரிய 7-ஆம் குறுக்கீட்டிலேயே ஒலி அட்டையையும் வைத்துவிடுவது அன்றைய வழக்கமான பிழை.

1991-இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கர்னல் பிறந்தது இந்தச் சூழலில்தான். கேட்டறிய வழியில்லாததால் அதன் தொடக்ககால இயக்கிகள், அதாவது குறிப்பிட்ட சாதனத்தோடு பேசுவதற்கென எழுதப்பட்ட கர்னலின் பகுதிகள், வழக்கமான போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப்பார்த்து, தான் தேடும் அட்டை தரக்கூடிய விடை வருகிறதா என்று சோதித்தன. சோதனை வேறோர் அட்டையின் மீது விழுந்தால் அந்த அட்டை குழம்புவதும் கணினியே நின்றுபோவதும் உண்டு. ஆகவே இந்தப் போர்ட்டுகளைத் தொட வேண்டாம் என்று துவக்கக் கட்டளையின் வழியே பயனரே கர்னலைத் தடுத்துவைக்கும் வசதி சேர்க்கப்பட்டது. ஓர் இயக்கி பிடித்துக்கொண்ட போர்ட்டை மற்றொன்று சோதிக்காதிருக்கக் கர்னலுக்குள்ளேயே ஒரு பதிவேடும் தோன்றியது. எளிய தற்காப்பாகத் தொடங்கிய அந்தப் பதிவேடுதான் பின்னர் வளங்கள் அனைத்துக்குமான கணக்கேடாக வளர்ந்தது.

ஐபிஎம் 1987-இல் கொண்டுவந்த மைக்ரோ சேனலும், அதற்குப் போட்டியாகக் காம்பாக் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் 1988-இல் அறிவித்த ஈஐஎஸ்ஏவும் ஜம்பர்களை ஒழித்தனவெனினும் சாதாரணக் கணினிகளில் பரவவில்லை. உண்மையான திருப்பம், இன்டெல் 1992-இல் வெளியிட்ட பிசிஐ பாட்டையோடு வந்தது. பிசிஐ சாதனம் ஒவ்வொன்றும் 256 பைட் அளவுள்ள அமைவுவெளி ஒன்றைத் தன்னுள் கொண்டிருக்கும். சாதனத்தைச் செய்தவர் யார், சாதனம் எது என்பதைக் காட்டும் எண்களோடு, அடிமுகவரிப் பதிவகம் எனப்படும் ஆறு இடங்கள்வரை அதில் உண்டு. தனக்கு எவ்வளவு பரப்பு வேண்டும் என்பதைச் சாதனம் தெரிவிக்கும் முறை நுட்பமானது. அந்தப் பதிவகத்தின் எல்லா இலக்கங்களிலும் 1 என்று எழுதித் திருப்பிப் படித்தால், மாற்ற முடியாத கீழ் இலக்கங்களைச் சாதனம் 0 ஆகவே காட்டும். குறிகளுக்கென ஒதுக்கிய சில இலக்கங்களையும் கணக்கில் சேர்த்து, அத்தகைய இலக்கங்கள் இருபது எனில் தேவை 1 மெகாபைட் என்று பொருள். இவ்வாறு அளக்கும் கணத்தில் சாதனம் தன் பழைய முகவரியை விட்டுவிட்டு வேறெங்கோ இருப்பதுபோல் நடந்துகொள்ளும் என்பதால், அளப்பதற்கு முன் அது முகவரிகளுக்குச் செவிசாய்ப்பதை நிறுத்திவைக்க லினக்ஸ் கற்றுக்கொண்டது. அப்படி நிறுத்தினால் கணினியே நின்றுவிடக்கூடிய சில சில்லுகளுக்கு அதிலும் விலக்கு அளிக்க நேர்ந்தது.

பரப்பு எப்போதும் இரண்டின் அடுக்காகவே இருக்கும், அதன் தொடக்கமும் அந்த அளவின் மடங்காகவே அமைய வேண்டும் என்பது பிசிஐயின் விதி. 256 மெகாபைட் கேட்கும் திரை அட்டையை 256 மெகாபைட்டின் மடங்கான இடத்தில்தான் வைக்க முடியும் என்பதால், சிறியவற்றைக் கண்ட இடத்தில் வைத்துவிட்டால் மொத்தத்தில் இடம் மிகுந்திருந்தும் பெரியதற்கு இடம் கிடைக்காமல் போகும். பாட்டை ஒன்றோடு மற்றொன்றை இணைக்கும் பாலச் சில்லுக்குப் பின்னால் உள்ள சாதனங்கள் யாவும் அந்தப் பாலத்துக்கென வரையறுத்த சாளரத்துக்குள் அடங்க வேண்டும். அந்தச் சாளரமோ நினைவக முகவரியில் 1 மெகாபைட் படிகளிலும், போர்ட் வெளியில் 4,096 படிகளிலும் மட்டுமே அமையும். போர்ட் வெளி முழுவதையும் பங்கிட்டாலும் பதினாறு பாலங்களுக்கு மேல் தர முடியாது என்பது இதிலிருந்து தானே விளங்கும்.

கர்னல் வட்டிலிருந்து ஏற்றப்பட வேண்டுமானால் வட்டுக் கட்டுப்பாட்டகமும், திரையில் எழுத்துத் தெரிய வேண்டுமானால் திரை அட்டையும் அதற்கு முன்பே இயங்கியாக வேண்டும். ஆகவே பங்கீட்டுப் பொறுப்பு முதலில் பயாசிடம் விழுந்தது. 1995 ஆகஸ்டு 24-இல் விண்டோஸ் 95 வெளிவந்து, செருகியவுடன் இயங்கும் சாதனங்கள் என்னும் பொருளில் ‘பிளக் அண்ட் பிளே’ என்ற தொடர் விளம்பரங்களில் அடிபட்டபோது, பயாஸின் அமைவுப் பக்கங்களில் ஒரு புதிய கேள்வி தோன்றியது: பிளக் அண்ட் பிளே இயங்குதளம் நிறுவப்பட்டுள்ளதா? ‘ஆம்’ என்று விடை வைத்தால் பயாஸ் துவக்கத்துக்கு வேண்டிய சாதனங்களை மட்டும் அமைத்துவிட்டு எஞ்சியவற்றை இயங்குதளத்திடம் விட்டுவிடும். ‘இல்லை’ என்றால் எல்லாவற்றையும் தானே பங்கிட்டுவிடும். லினக்ஸ் நிறுவுவோர் ‘இல்லை’ என்றே வைக்க வேண்டும் என்று அன்றைய வழிகாட்டிகள் அறிவுறுத்தின. கணினியின் இரண்டு ஆட்சியாளர்களுக்கு இடையிலான எல்லை, அதைப் பற்றி ஏதும் அறியாத பயனரின் தீர்ப்புக்கு விடப்பட்ட வினோதமான சில ஆண்டுகள் அவை.

லினக்ஸின் நிலைப்பாடு 1990-களின் இறுதியில் தெளிவான வடிவம் பெற்றது. 1999-இல் டோர்வால்ட்ஸும் செக் நாட்டைச் சேர்ந்த மார்ட்டின் மாரெஷும் எழுதி, 2001 ஜனவரியில் வெளிவந்த 2.4-ஆம் பதிப்பில் பயன்பாட்டுக்கு வந்த வளக் கணக்கேடு, மர வடிவில் அமைந்தது: முழு முகவரிவெளி வேராகவும், பாட்டையின் சாளரம் கிளையாகவும், அதற்குள் பாலமும், பாலத்துக்குள் சாதனமும் அடுத்தடுத்த கிளைகளாகவும் பதிவாயின, தாய்க்கிளைக்குள் அடங்காததும், உடன்பிறந்த கிளையோடு மோதுவதும் பதிவாக மறுக்கப்பட்டன. இன்றும் எந்த லினக்ஸ் கணினியிலும் ‘ப்ராக்’ கோப்பகத்தின் ‘ஐயோமெம்’ என்னும் கோப்பைத் திறந்தால் இந்த மரத்தைக் காணலாம். இன்டெல் மரபுக் கணினிகளில் துவக்கத்தின்போது கர்னல் இந்த மரத்தை நிரப்பும் முறையில் அதன் கொள்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. பாலங்களின் சாளரங்களைப் பயாஸ் எழுதியபடியே முதலில் படித்துப் பதிந்துகொள்கிறது. பிறகு சாதனங்களின் மீது இரண்டு சுற்று வருகிறது: முதல் சுற்றில் பயாஸ் ஏற்கெனவே இயக்கிவைத்திருக்கும் சாதனங்களின் முகவரிகள் பதிவாகின்றன, இரண்டாம் சுற்றில், முகவரி எழுதப்பட்டும் இயக்கப்படாமல் கிடப்பவை பதிவாகின்றன. இயங்கிக்கொண்டிருப்பதற்கே முன்னுரிமை என்பதால், மோதல் வந்தால் இடத்தை இழப்பது பெரும்பாலும் உறங்கும் சாதனமே. இரண்டு சுற்றுக்கும் பின் இடம் கிடைக்காமல் எஞ்சியவற்றுக்கு மட்டுமே கர்னல் தானாகப் புதிய முகவரி தேடுகிறது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே சீராகப் பங்கிடுவது கணிதப்படி எளிதாயிருந்தும் கர்னல் அதைச் செய்யாததற்குக் காரணம், பயாஸின் அறிவு முழுவதும் ஏட்டில் எழுதப்படுவதில்லை என்பதே. எந்த அமைவுவெளியிலும் தென்படாமல் ஒரு முகவரியில் அமர்ந்திருக்கும் சில்லுகள் தாய்ப்பலகைகளில் உண்டு. காலியாகத் தோன்றும் இடத்தில் ஒரு வலை அட்டையை வைத்தால் அது கடிகாரத்தின் மேலோ வெப்பநிலைக் காப்பின் மேலோ போய் உட்காரலாம். கணினி மேலாண்மை நிலை எனப்படும் மறைவான செயல்நிலையில், கர்னலுக்குத் தெரியாமலே நிலைபொருளின் பகுதிகள் அவ்வப்போது இயங்கி, தாம் முன்பு வைத்த முகவரியில் சாதனம் இன்னும் இருக்கிறது என்று நம்பி அதைத் தொடுவதும் உண்டு. ஆகவே பழைய பங்கீட்டை மதித்தல் என்பது பயாஸின் மீதிருந்த மரியாதையால் வந்தது அன்று. தெரியாததைக் கலைக்காதிருக்கும் எச்சரிக்கையால் வந்தது. நிரலாளர்கள் பயாஸை மதித்தனர் என்று சொல்வதற்கு அவர்கள் தம் நிரல்களின் நடுவே எழுதிவைத்த குறிப்புகள் இடம் தருவதில்லை.

பழமை எவ்வளவு நீண்டகாலம் நிலைக்கும் என்பதற்குப் போர்ட் பங்கீட்டில் ஒரு சான்று உண்டு. பல ஐஎஸ்ஏ அட்டைகள் செலவைக் குறைக்கும் பொருட்டுப் போர்ட் எண்ணின் கீழ்ப் பத்து இலக்கங்களை மட்டுமே நோக்கின. ஆகவே ஒரு போர்ட்டில் இருப்பதாகக் கருதப்பட்ட அட்டை, ஒவ்வொரு 1,024 எண்களுக்கும் ஒருமுறை மீண்டும் விடை தந்தது. பிசிஐ சாதனங்கள் அந்தப் போலி இடங்களில் போய் அமரக்கூடாது என்பதற்காக, ஒவ்வொரு 1,024-இலும் முதல் 256 போர்ட்டுகளில் மட்டுமே புதிய இடம் தருவது என்ற விதி லினக்ஸில் எழுதப்பட்டது. ஐஎஸ்ஏ அட்டை செருகும் இடமே இல்லாத கணினிகள் வந்த பின்னரும் அந்த விதி நிரலில் நெடுங்காலம் இருந்துவந்தது.

நினைவகத்தைப் பொறுத்தவரை ஏடு வேறு வடிவில் வந்தது. 64 மெகாபைட்டுக்கு மேல் சொல்லத் தெரியாத பழைய பயாஸ் அழைப்புக்கு மாற்றாக 1990-களில் பரவிய இ820 என்னும் அழைப்பு, எந்த முகவரி முதல் எவ்வளவு நீளம் பயன்படுத்தலாம், எது ஒதுக்கப்பட்டது என்பதை வரிவரியாகத் தரும். பெட்டியில் அச்சிட்ட அளவைவிட இயங்குதளம் காட்டும் நினைவகம் குறைவாயிருப்பதற்கு, தாய்ப்பலகையோடு இணைந்த திரைச் சில்லு போன்றவை தமக்கென எடுத்துக்கொண்ட துண்டுகள் இந்தப் பட்டியலில் ஒதுக்கப்பட்டவையாக வருவதே காரணம். பட்டியல் எப்போதும் மெய்யாக இருந்ததில்லை. பயன்படுத்தலாம் என்று தானே சொன்ன கீழ் நினைவகப் பகுதியில் சில பயாஸ்கள் பின்னர் இரகசியமாக எழுதி அதைக் கெடுத்தது தெரியவந்தபோது, லினக்ஸ் முதலில் அத்தகைய பயாஸ்களின் பெயர்களைக் குறித்துவைத்துக்கொண்டு முதல் 64 கிலோபைட்டைத் தவிர்த்தது. 2021-இல் அந்தக் கணக்குவழக்கை எல்லாம் கைவிட்டு, முதல் 1 மெகாபைட் முழுவதையும் யாருக்கும் தருவதில்லை என்று முடிவு செய்தது. ஒருகாலத்தில் முழுக் கணினியின் பரப்பாக இருந்த அளவை, சந்தேகத்தின் பேரில் விட்டுக்கொடுக்கும் வசதி நாற்பது ஆண்டுகளில் வந்திருந்தது.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகியவை இணைந்து வெளியிட்ட ஏசிபிஐ என்னும் தரம் இந்த உறவையே மாற்றியது. அதுவரை நிலைபொருள் தந்தது எண்களின் பட்டியல். ஏசிபிஐயிலோ அது சிறு நிரல்களைத் தருகிறது, கர்னல் அவற்றைத் தன்னுள் வைத்து ஓட்டி விடை பெறுகிறது. ஒரு சாதனம் இப்போது வைத்திருக்கும் வளங்கள் எவை என்பதைச் ‘சிஆர்எஸ்’ என்னும் நிரலும், வைத்துக்கொள்ளத்தக்கவை எவை என்பதைப் ‘பிஆர்எஸ்’ என்னும் நிரலும் சொல்லும். மாற்றியமைக்க ‘எஸ்ஆர்எஸ்’ உண்டு. அமைவுவெளியில் தென்படாத தாய்ப்பலகைச் சில்லுகளுக்கும் இதில் இடம் இருந்ததால், எழுதப்படாத அறிவை எழுத வைக்கும் முயற்சி என்று ஏசிபிஐயைக் கூறலாம். முயற்சியின் குறை வேறிடத்தில் இருந்தது: தாய்ப்பலகை செய்வோர் தாம் எழுதிய நிரல்களை விண்டோஸில் ஓட்டிப் பார்த்து, பிழை வராவிட்டால் அதுவே போதும் என்று சந்தைக்கு அனுப்பினர். ‘நீ விண்டோஸின் இன்ன பதிப்பா?’ என்று கர்னலைக் கேட்டு, விடைக்கேற்ப வேறுவேறு விதமாக நடந்துகொள்ளும் நிரல்களும் பெருகின. ‘லினக்ஸா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றால் யாரும் சோதித்திராத பாதைக்குள் நிலைபொருள் போய்விடுகிறது என்பதைக் கண்ட லினக்ஸ் நிரலாளர்கள், அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்றும், விண்டோஸைப் பற்றிய கேள்விகளுக்கு ‘ஆம்’ என்றும் விடை தருமாறு தம் கர்னலை அமைத்தனர். கட்டற்ற மென்பொருளின் பெருமைக்கு உகந்த காட்சி அன்று எனினும், நிலைமையைச் சரியாக உணர்ந்த முடிவு அதுவே.

இந்த நிலைமை ஊர்ப்புறத்துப் பள்ளிகளை எட்டியது தமிழ்நாட்டின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக. தென்பெண்ணை ஆற்றங்கரைப் பேரூரும், தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவில் திருவண்ணாமலை அண்ணாமலையார் தீர்த்தவாரி காணும் ஊருமாகிய மணலூர்பேட்டை, கணினித் தொழிலோடு தொடர்புடைய ஊர் அன்று. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய அந்தத் திட்டம் மாநிலம் முழுவதிலும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவரையும் கல்லூரி மாணவரையும் நோக்கியதாதலால், எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த மடிக்கணினிகள் இத்தகைய பேரூர்களுக்கும் வந்து சேர்ந்தன. அடுத்து வந்த ஆண்டுகளில் வழங்கப்பட்டவை 50 லட்சத்துக்கும் மேல். தொடக்கத்தில் வழங்கப்பட்டவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்போடு, சி-டாக் நிறுவனம் டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பை அடியாகக் கொண்டு சென்னையில் உருவாக்கி 2007-இல் முதன்முதலாக வெளியிட்ட பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டு, துவக்கத்தின்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் திரையில் வந்தது. திட்டத்தின் அரசியல், கல்விப் பயன்கள் குறித்து நிறைய எழுதப்பட்டுள்ளது. இந்த வரலாற்றுக்கு வேண்டியது அந்தப் பட்டியல் மட்டுமே. தாய்ப்பலகை ஒன்று, நிலைபொருள் ஒன்று, அது செய்த பங்கீடும் ஒன்று. அதை வாசித்தவை இரண்டு கர்னல்கள். 2007-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த விஸ்டாவிலிருந்து விண்டோஸ் கர்னல், தேவைப்பட்டால் பாலங்களின் சாளரங்களையும் இடம் மாற்றிப் புதிதாகப் பங்கிடும் திறனைப் பெற்றிருந்தது. மாற்றத்தால் விபரீதம் நேராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தாய்ப்பலகை செய்வோர் மீது சுமத்தும் சந்தை வலிமை அதற்கு இருந்தது. அந்த வலிமையற்ற லினக்ஸ், எழுதியிருப்பதைக் கூடியவரை கலைக்காமலே வாழ்ந்தது. மறுபங்கீடு செய்யுமாறு துவக்கக் கட்டளையில் பயனர் கேட்கலாம். கேட்காதவரை அது பழையதன் பக்கமே நின்றது.

எந்த ஏட்டை எப்போதிருந்து நம்புவது என்பதிலும் லினக்ஸ் மெல்லவே நகர்ந்தது. பிசிஐ பாட்டையின் வேர்ச்சாளரம் எது என்பதைச் சிஆர்எஸ் நிரல் சொல்லும் என்றாலும், பழைய பயாஸ்களில் அந்த விடை பலமுறை தவறாக இருந்ததால் கர்னல் அதைப் பொருட்படுத்தாமலே இருந்துவந்தது. பல வேர்ப்பாட்டைகள் கொண்ட பெரிய கணினிகள் வந்தபோது பொருட்படுத்தாமல் இருப்பதும் இயலாததாயிற்று. 2010 மே மாதம் வெளிவந்த 2.6.34-ஆம் பதிப்பு இதற்குக் கண்ட தீர்வு, பயாஸில் பொறித்துள்ள ஆண்டைப் பார்ப்பது: 2008 அல்லது அதற்குப் பிந்தையதாயின் நம்புவது, முந்தையதாயின் நம்பாதிருப்பது. அறிவியல் நேர்த்தி இல்லாத, ஆனால் வேலை செய்த விதி. அந்த ஆண்டின் இறுதியில், சிஆர்எஸ் காட்டும் சாளரத்தில் இ820 பட்டியல் ஒதுக்கியவற்றை வெட்டி நீக்கிவிட வேண்டும் என்ற இரண்டாவது எச்சரிக்கையும் சேர்ந்தது. சில கணினிகள் சாதனங்களுக்கு உரியதாகச் சொன்ன சாளரத்துக்குள் வேறு பயனுக்கு ஒதுக்கிய பகுதியும் இருந்ததே அதற்குக் காரணம். பத்தாண்டுக்குப் பின் அந்த எச்சரிக்கையே சிக்கலாயிற்று. புதிய லெனோவோ ஐடியாபேட் மடிக்கணினிகள் சிலவற்றில் நிலைபொருள் சாளரம் முழுவதையுமே ஒதுக்கியதாக எழுதியிருந்ததால், வெட்டியபின் எஞ்ச ஒன்றுமில்லாமல் போய், தொடுபலகைக்குரிய கட்டுப்பாட்டகத்துக்கு முகவரியே கிடைக்கவில்லை. 2022-இல், பிசிஐ பகுதியைப் பராமரிக்கும் பியோர்ன் ஹெல்காஸும் ஹான்ஸ் டி கூடவும் செய்த திருத்தத்தின்படி, 2023 முதலான நிலைபொருள்களில் வெட்டுதல் கைவிடப்பட்டது. பழையவற்றுக்குப் பழைய விதி தொடர்ந்தது. இரண்டு ஏடுகளும் ஒன்றையொன்று மறுக்கும்போது எது மெய் என்று அறியும் பொதுவிதி இன்றுவரை இல்லை.

பயாஸின் இடத்தில் 2005-க்குப் பின் படிப்படியாக வந்த யூஇஎஃப்ஐ, ஆட்சி கைமாறும் கணத்தை முறைப்படுத்தியது. நினைவகப் பட்டியலைப் பெற்றுக்கொண்ட பின், துவக்கச் சேவைகளை முடித்துக்கொள்ளலாம் என்ற அழைப்பைக் கர்னலைத் துவக்கும் நிரல் விடுக்கும். இடையில் பட்டியல் மாறியிருந்தால் நிலைபொருள் அதை மறுத்து, புதிய பட்டியலைப் பெற்று மீண்டும் வருமாறு சொல்லும். ஆயினும் கடிகாரம், துவக்க அமைவுகள் போன்றவற்றுக்கான சில சேவைகள் அதன்பின்னும் நிலைபொருளிடமே தங்கிவிடுகின்றன, அவற்றுக்குரிய நினைவகமும் அதனிடமே.

இன்டெல் மரபுக்கு வெளியே வேறொரு வழக்கம் வளர்ந்தது. சன் நிறுவனத்தின் கணினிகளில் தோன்றி 1994-இல் தரமாக்கப்பட்ட ஓப்பன் ஃபர்ம்வேர், சாதனங்களை மர வடிவில் விவரித்துக் கர்னலிடம் கொடுத்தது. நிரலோட்டம் எதுவும் வேண்டாத அந்த விவரம் 2005-ஐ ஒட்டிப் பவர்பிசி லினக்ஸில் தனிக்கோப்பாகப் பிரிந்து ‘டிவைஸ் ட்ரீ’ ஆயிற்று. 2011-இல் ஏஆர்எம் பலகைகளுக்குப் பலகைதோறும் தனி நிரல் குவிவதை டோர்வால்ட்ஸ் கண்டித்த பின் அது ஏஆர்எம் உலகத்திலும் வேரூன்றியது. இத்தகைய சிறு பலகைகளில் நிலைபொருள் பெரும்பாலும் பிசிஐ சாதனங்களுக்கு முகவரியே தருவதில்லை. வேர்ச்சாளரம் எது என்பதை மரம் சொல்ல, அதற்குள் பங்கிடும் வேலை முழுவதும் கர்னலுடையது. கலைக்கக் கூடாத பழைய பங்கீடு ஏதுமில்லாததால், இன்டெல் கணினிகளில் இயலாத சீரான பங்கீடு இங்கே இயல்பாக நடக்கிறது.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் வி. காமகோடியின் தலைமையில் உருவான சக்தி செயலிகள் இந்த மரபைச் சேர்ந்தவை. கட்டணமின்றி எவரும் பயன்படுத்தத்தக்க ரிஸ்க்-வி கட்டளைத் தொகுதியை ஏற்ற அந்தச் செயலிகளுள், அமெரிக்காவின் ஒரிகானில் உள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்தில் செய்யப்பட்ட ரைஸ்க்ரீக் 2018-இல் லினக்ஸைத் துவக்கியது. அதே ஆண்டு சண்டிகரின் குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டரில் ரிமோ செய்யப்பட்டது. செயலியின் வடிவமைப்பே திறந்த ஏடாக இருப்பதால், எந்தச் சில்லு எந்த முகவரியில் மறைந்திருக்கிறது என்ற ஊகத்துக்கு அங்கே இடம் மிகக் குறைவு. ரிஸ்க்-வி கணினிகளில் கர்னல் தொடங்கும்போது அதனிடம் கொடுக்கப்படுபவை இரண்டே எண்கள்: எந்தச் செயலிக்கூறில் அது ஓடுகிறது என்பதும், டிவைஸ் ட்ரீ நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்பதும். அப்படியிருந்தும் நிலைபொருள் முற்றிலும் விலகிவிடுவதில்லை. இத்தகைய கணினிகளில் பரவலாகப் பயன்படும், 2019-இல் முதன்முதலாக வெளிவந்த ஓபன்எஸ்பிஐ என்னும் நிலைபொருள், கர்னலைவிட உயர்ந்த அதிகாரநிலையில் இறுதிவரை நினைவகத்தில் தங்குகிறது. தான் தங்கியுள்ள பரப்பை ஒதுக்கப்பட்ட நினைவகம் என்று டிவைஸ் ட்ரீயில் தானே எழுதிச் சேர்த்துவிட்டே அந்த மரத்தைக் கர்னலிடம் கொடுக்கிறது. கர்னல் அந்தப் பரப்பைத் தன் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்துக்கொண்டு அதில் எழுத முனைந்தாலும், நினைவகக் காப்புப் பதிவகங்களில் ஓபன்எஸ்பிஐ முன்பே எழுதிவைத்த விதியின்படி செயலி அதை மறுத்துவிடும்.